மூச்சுக்கு இட்ட இலக்கம்

அமெரிக்காவில் வாழும் நம்மவர் ஒருவர் ஆஸ்துமாவுக்காகவோ நீடித்த இருமலுக்காகவோ வைத்தியரிடம் சென்று, ஒரு குழாயினுள் மூச்சை ஊதிவிட்டு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில வாரங்களில் அவருக்கு ஒரு கணக்குச் சீட்டு வந்து சேரும். அதில் 94010 அல்லது 94060 என்ற ஐந்திலக்க எண் காணப்படும். இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றுப் பழகியவர்களுக்கு அது புரியாத மந்திரமாகவே தோன்றும். எண்களுக்குப் பின்னால் உள்ள கதையைத் தேடுவது பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்த பழக்கம். இந்த எண்ணுக்குப் பின்னால் ஏறத்தாழ 180 ஆண்டு வரலாறு இருக்கின்றது. மூச்சு எண்ணாகி, எண் பணமாகிய வரலாறு அது.

1846 ஆம் ஆண்டு இலண்டனில் ஜோன் ஹட்சின்சன் என்ற மருத்துவர் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். நீரில் கவிழ்த்து வைக்கப்பட்ட ஒரு பாத்திரத்தினுள் மனிதன் ஊதும்போது, அப்பாத்திரம் எவ்வளவு உயர்கின்றது என்பதைக் கொண்டு மூச்சின் கொள்ளளவை அளக்கும் கருவியை அவர் அமைத்திருந்தார். ஸ்பைரோமீட்டர் என்று அதற்குப் பெயரிட்டார். கடற்படையினர், பொலிசார், தீயணைப்புப் படையினர், குத்துச்சண்டை வீரர்கள், வறியோர், கனவான்கள் என 2,130 பேரின் மூச்சை அவர் அளந்தார். உயரம் கூடக் கூட மூச்சின் கொள்ளளவு சீராகக் கூடுகின்றது என்பதும், முதுமையில் அது குறைகின்றது என்பதும் அவர் கண்ட உண்மைகள்.

ஹட்சின்சன் ஓர் ஆயுட்காப்புறுதி நிறுவனத்தின் மருத்துவராகவும் இருந்தவர். ஒருவர் காப்புறுதிக்குத் தகுதியானவரா என்பதைத் தீர்மானிக்க இக்கருவி உதவும் என்று அவர் எதிர்பார்த்தார். ஆகவே, பிறந்த நாள் முதற்கொண்டே ஸ்பைரோமீட்டர் நோயாளியின் பக்கத்தில் மட்டுமன்றிக் கணக்காளரின் மேசையிலும் இடம்பிடித்திருந்தது.

கருவி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தபோது வேறொரு கணக்கும் அதனோடு சேர்ந்துகொண்டது. அடிமை முறையை ஆதரித்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்கத் தென்மாநில மருத்துவர், கறுப்பின மக்களின் மூச்சுக் கொள்ளளவு வெள்ளையரினதை விட 20 வீதம் குறைவானது என்று 1851 இல் எழுதினார். உள்நாட்டுப் போர் வீரர்களை அளந்து பெற்ற புள்ளிவிபரங்களை பெஞ்சமின் கூல்ட் 1869 இல் வெளியிட்டார். அவற்றிலும் கறுப்பின வீரர்களின் அளவு குறைந்தே காணப்பட்டது. அவர்கள் எத்தகைய வாழ்விலிருந்தும் உழைப்பிலிருந்தும் வந்தவர்கள் என்பது கணக்கில் எடுக்கப்படவில்லை. 1896 இல் புருடென்ஷியல் காப்புறுதி நிறுவனத்தின் புள்ளியியலாளர் பிரெடரிக் ஹொஃப்மன், இதே எண்களையும் துணைக்கழைத்து, கறுப்பின மக்கள் காப்புறுதிக்குப் பொருத்தமற்றவர்கள் என்று வாதிட்டார். வறுமையும் நெருக்கடியான குடியிருப்பும் தூசு நிறைந்த தொழிலும் தந்த குறை, பிறவிக் குறையாகப் பதிவாகியது.

இனி இலக்கங்களின் கதைக்கு வருவோம். நோய்களுக்குக் குறியீடிடும் வழக்கம் மரணப் பதிவேடுகளிலிருந்தே தோன்றியது. பிரெஞ்சுக்காரரான ஜக் பெர்டிலோன் தயாரித்த மரணக் காரணங்களின் பட்டியல் 1893 இல் சிக்காகோவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்றைய சர்வதேச நோய் வகைப்பாட்டின் மூலம் அதுவே. மருத்துவர் செய்யும் வேலைக்குக் குறியீடிடுவது பிற்கால வழக்கம். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966 இல் அத்தகைய பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது. அதில் பெரும்பாலும் சத்திரசிகிச்சைகளே இருந்தன. 1970 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் குறியீடுகள் ஐந்திலக்கமாயின. 1983 இல் மெடிக்கெயர் எனப்படும் முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதித் திட்டம் இப்பட்டியலை ஏற்றுக்கொண்டது. 1992 ஜனவரி முதல் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒப்பீட்டு மதிப்பு நிர்ணயிக்கப்பட்டு, அதன்படி மருத்துவர்களுக்குப் பணம் வழங்கப்படலாயிற்று.

94010 என்பது சாதாரண மூச்சளவீட்டுப் பரிசோதனை. 94060 என்பது மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் செய்யப்படும் அளவீடு. இரண்டாவதில் முதலாவது அடங்கிவிடுவதால், ஒரே அமர்வுக்கு இரண்டையும் சேர்த்துப் பணம் கேட்பது விதிமுறைக்கு மாறானது. கருவிக்கும் அதை இயக்குபவருக்கும் ஒரு பங்கு, முடிவை வாசித்துக் கருத்தெழுதும் மருத்துவருக்கு இன்னொரு பங்கு என்று ஒரே பரிசோதனையின் கட்டணத்தைப் பிரித்துக் கேட்கவும் வழியுண்டு. இவற்றோடு ஏன் பரிசோதித்தோம் என்பதைக் காட்டும் நோய்க் குறியீடும் இணைக்கப்பட வேண்டும். ஆஸ்துமாவாயின் ஜே45 வரிசை. நிலக்கரித் தூசு நோயாயின் ஜே60. காரணம் பொருந்தாவிட்டால் காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுக்கலாம்.

ஆயினும் கட்டணச் சீட்டின் குறியீடு ஒன்றை மட்டும் சொல்வதில்லை. வெளிவந்த எண், எந்த எண்ணோடு ஒப்பிடப்பட்டது? கேட்கவேண்டிய கேள்வி இதுவே. ஸ்பைரோமீட்டர் ஒருவரது மூச்சை அளப்பதோடு நிற்பதில்லை. அவரது வயது, உயரம், பால் ஆகியவற்றுக்கு எதிர்பார்க்கப்படும் அளவோடு ஒப்பிட்டு வீதம் சொல்கின்றது. பல ஆண்டுகளாக அதனோடு இனமும் சேர்க்கப்பட்டது. அமெரிக்க ஆய்வுகூடங்களில் கறுப்பினத்தவருக்கு எதிர்பார்க்கும் அளவு 10 முதல் 15 வீதம் வரையும், ஆசியருக்கு 4 முதல் 6 வீதம் வரையும் குறைக்கப்பட்டது.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவர் முதல் ஒரு விநாடியில் 2.6 லீற்றர் ஊதுகிறார். எதிர்பார்க்கப்படுவது 3.5 லீற்றர் எனில் அவர் பெறுவது 74 வீதம். 80 வீதத்துக்குக் கீழே என்பதால் குறைபாடுடையவர் எனக் கருதப்படலாம். இனத்தின் பெயரால் எதிர்பார்ப்பை 15 வீதம் குறைத்தால், அதே மூச்சு 87 வீதமாகிவிடும். மனிதர் அவரே, மூச்சும் அதுவே, கட்டணச் சீட்டில் குறியீடும் அதுவே. ஆனால் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கும் உரிமை மறைந்துவிடும்.

இது வெறும் கற்பனையன்று. மேற்கு வேர்ஜீனியாவின் பார்மிங்டன் சுரங்கத்தில் 1968 இல் 78 பேர் மாண்டதைத் தொடர்ந்து, 1969 இல் நிறைவேறிய சட்டம் நிலக்கரித் தூசினால் நுரையீரல் பாதிக்கப்பட்ட தொழிலாளருக்கு உதவிப்பணம் பெறும் வழியைத் திறந்தது. அதற்கான சான்றுகளுள் ஸ்பைரோமீட்டரின் எண்ணும் ஒன்றாகியது. 1999 இல் பால்டிமோர் நகரில் அஸ்பெஸ்டஸ் தூசு தொடர்பான வழக்குகளில், கறுப்பினத் தொழிலாளர் நட்டஈடு கோருவதற்கு வெள்ளையரைவிட மோசமான முடிவைக் காட்டவேண்டும் என்று ஓவன்ஸ் கோர்னிங் நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை.

தமிழர் இக்கணக்கில் எங்கே நின்றனர்? 2012 இல் வெளியான உலகளாவிய சமன்பாடுகளில் வெள்ளையர், ஆபிரிக்க அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர் ஆகியோருக்குத் தனித்தனி வரிசைகள் இருந்தன. தென்னாசியருக்கு வரிசை இருக்கவில்லை. எஞ்சியிருந்தது "ஏனையோர்" என்ற பெட்டி மட்டுமே.

2023 இல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கம், இனம் பாராத பொதுச் சமன்பாட்டைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. இம்மாற்றத்தால் கறுப்பின அமெரிக்கருக்குச் சேரக்கூடிய இயலாமைக் கொடுப்பனவு ஆண்டுக்கு 100 கோடி டொலருக்கும் மேல் அதிகரிக்கலாம் என்று 2024 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மறுபக்கமும் உண்டு. நோயாளியாகக் கணிக்கப்படும் ஒருவர் தீயணைப்பு போன்ற வேலைகளை இழக்க நேரலாம். நுரையீரல் சத்திரசிகிச்சைக்குத் தகுதியற்றவரெனவும் கருதப்படலாம். எண்ணை மாற்றுவதால் மட்டும் நீதி கிடைத்துவிடாது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள், குறிப்பாகத் தூசிலும் புகையிலும் வேலை செய்வோர், அடுத்த முறை பரிசோதனை முடிந்ததும் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்து வைக்க வேண்டாம். முடிவறிக்கையின் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். எந்தச் சமன்பாடு பயன்படுத்தப்பட்டது, தங்களை எந்த இனமாகப் பதிந்தார்கள் என்று மருத்துவரிடம் விசாரியுங்கள். அதனை அறிந்துகொள்ளும் உரிமை ஊதிய மூச்சுக்கு உரியவருக்கு உண்டு.