குவெட்டாவில் இடியாமல் நின்ற வீடுகள்

1935 மே 31 அதிகாலை மூன்று மணி. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில், இன்று பாகிஸ்தானில் உள்ள குவெட்டா நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. தூக்கத்திலேயே இறந்தவர்கள் 30,000 பேருக்குக் குறையாது.

அந்த இடிபாடுகளுக்கு நடுவே ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் சில சேதமில்லாமல் நின்றன. அவற்றை வடிவமைத்தவர் எஸ்.எல்.குமார் என்ற இளம் ரயில்வே பொறியாளர். 1931-ல் பக்கத்து மாச் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு, தண்டவாள இரும்பால் சுவர்களைப் பிணைத்து அவற்றைக் கட்டச் செய்தார்.

நகரத்து வீடுகளோ மண் சாந்து வைத்துக் கட்டியவை. மேலே கனத்த மண் கூரை. பூமி பக்கவாட்டில் ஆடும்போது பாரம் கூடக் கூட உதறலும் கூடும். சுவருக்குச் சுவர் பிடிப்பில்லை என்றால் மூலை பிளக்கும். கூரை அப்படியே ஆள்மேல் இறங்கும். 1993-ல் மகாராஷ்டிரத்துக் கில்லாரியில் நடந்ததும் இதேதான். அங்கே கனமான கல் சுவர்களே ஆளை அமுக்கின.

சிமென்ட் வந்தபின் கவலை தீர்ந்ததா? 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் சுமார் 750 பேர் இறந்தார்கள். அங்கே விழுந்தவை அடுக்குமாடிகள். பலவற்றில் கீழ்த்தளம் கார் நிறுத்தவென்று சுவரில்லாமல், வெறும் தூண்களில் நின்றது. மேலே சுவர்கள் இறுக்கிப் பிடிக்க, ஆட்டம் முழுவதையும் அந்தத் தூண்களே தாங்க வேண்டியிருந்தது. அதே கட்ச் மாவட்டத்தில், வட்டமான மண் சுவரும் லேசான புல் கூரையும் கொண்ட பூங்கா வீடுகள் பல நின்றுவிட்டன.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. நம் வயதுக்காரர்கள் பலர் பழைய வீட்டைப் பில்டரிடம் கொடுத்து ஃபிளாட் வாங்குகிறோம். டைல்ஸ் என்ன, லிஃப்ட் எந்தக் கம்பெனி என்று கேட்கிறோம். சென்னையை 2002-லேயே மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் சேர்த்துவிட்டார்கள். எனவே இதையும் கேளுங்கள்: கார் நிறுத்தும் தளத்தின் தூண்களுக்குத் தனிக் கணக்குப் போட்டார்களா? தூண் கம்பியைச் சுற்றும் ரிங்கின் முனையை 135 டிகிரிக்கு உள்பக்கமாக மடக்குகிறார்களா? வெறும் 90 டிகிரியில் மடக்கினால், குலுக்கலில் ரிங் திறந்துகொள்ளும், தூண் நொறுங்கும்.

கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் அதை யாராலும் பார்க்க முடியாது. மூடுவதற்கு முன் ஒருநாள் போய்ப் பார்த்துவிடுங்கள்.