கிளாஸ்கோ விளைவு அளவுகோல்

தலைக்காயமுற்றவர் எந்த அளவு மீண்டார், எவ்வளவு இயலாமை எஞ்சியது என்பதைத் தரப்படுத்தும் மருத்துவ அளவுகோல். பிரையன் ஜென்னட், மைக்கேல் பாண்ட் ஆகியோர் 1975இல் வகுத்தனர். இறப்பு, தன்னுணர்வற்ற நிலை, கடும் இயலாமை, நடுத்தர இயலாமை, நல்ல மீட்சி என 5 படிகள். விரிந்த வடிவில் 8. சுயநினைவின் நிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலிலிருந்து (1974) இது வேறானது. பெரும்பாலும் 6 மாதம் கழித்து, நோயாளியையும் வீட்டாரையும் விசாரித்து மதிப்பிடுவர். கேள்விகள் அன்றாட வாழ்வைத் தொட்டவை: வீட்டில் பிறர் துணை வேண்டாத காரைக்குடிக்காரர் தானே கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி, தேவகோட்டைக்குத் தனியே பேருந்தேறிப் போகவும் முடிந்தால் கடும் இயலாமையைக் கடந்தவர்; பழைய வேலையைப் பார்க்க இயலாதவரை நடுத்தரப் படியிலேயே இருப்பார். கைகால் நலமாயிருந்தும் மறதியும் முன்கோபமும் குடும்ப உறவைக் குலைப்பதை விரிந்த வடிவம் கணக்கில் கொள்வது இதன் பெருஞ்சிறப்பு. தமிழ்நாட்டில் சாலை விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் (2021) உதவுகிறது. இவ்வளவுகோல் அளப்பது அதற்குப் பிந்தைய மாதங்களை.