வரிக்கு எடுத்த படம், வரலாற்றுக்குச் சாட்சி

1939க்கும் 1941க்கும் இடையில் நியூயார்க் நகரத்தில் மாளிகை, குடிசை என்று பாராமல் ஏறத்தாழ எல்லாக் கட்டடங்களும் படமெடுக்கப்பட்டன. பெருமந்தக் காலத்தில் வேலையற்றோருக்காக ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய டபிள்யூ.பி.ஏ. திட்டமும் நகர வரித் துறையும் சேர்ந்து இந்த வேலையைச் செய்தன. சொத்து வரியைச் சரியாக மதிப்பிடுவதே நோக்கம். 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்களை நகராட்சி ஆவணக் காப்பகம் 2018இல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அழகு தேடாமல் எடுத்த இந்தப் படங்களே ஒரு பழைய குடியிருப்பின் வீடுகளை ஆவணப்படுத்த மிக நம்பகமான சான்று என்று நான் கருதுகிறேன்.

காரணம் எளிது. கலைக்காகப் படமெடுப்பவர் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பார். வரி வசூலிப்பவர் எந்த வீட்டையும் விட்டுவிட முடியாது. பேர்பெற்ற கட்டடங்களுக்கு ஓவியங்களும் அஞ்சலட்டைகளும் உண்டு. தையற்கடைக்கும் மரவீட்டுக்கும் பெரும்பாலும் இந்த ஒரு படந்தான். தெருக்களுக்கிடையிலான கட்டத்தையும் (பிளாக்) மனையையும் குறிக்கும் எண்கள் எழுதிய பலகையும் படத்துக்குள்ளேயே இருப்பதால், இது எந்த வீடு என்ற ஊகத்துக்கு இடமில்லை. 1980களில் நகரம் மறுபடியும், இம்முறை வண்ணத்தில், எல்லாவற்றையும் படமெடுத்தது. இரண்டையும் அருகருகே வைத்தால், தெருவிலிருந்து வாசலுக்கு ஏறிய படிக்கட்டோ கூரை விளிம்பின் வேலைப்பாடோ எந்த நாற்பது ஆண்டுகளுக்குள் காணாமற்போனது என்று சொல்லிவிடலாம். பழைய முகப்பை மீட்டுக் கட்டுவோருக்கு இதைவிடப் பயனுள்ள அளவுகோல் அரிது.

படம் முகப்பை மட்டுமே காட்டுகிறது, உள்ளே வாழ்ந்தவர்களைக் காட்டவில்லை என்பார்கள். உண்மைதான், ஆகவே படத்தைத் தனியாக வாசிக்கக் கூடாது. 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் 2012 முதல் பொதுப் பார்வைக்குக் கிடைக்கின்றன. அதே முகவரியில் குடியிருந்தோரின் பெயர், பிறந்த இடம், தொழில், வீட்டு வாடகை எல்லாம் அவற்றில் உண்டு. படமும் தாளும் சேரும்போது சுவருக்கு ஆட்கள் கிடைக்கிறார்கள். 1940இன் தோற்றத்தையே வீட்டின் மூலத் தோற்றமாக எண்ணிவிடும் ஆபத்தும் இருக்கிறது. 1870களில் கட்டிய வீடு அதற்குள்ளேயே பலமுறை மாறியிருக்கும். அந்தப் படத்தை நடுவழியில் கிடைத்த சான்றாகக் கொண்டு, முந்தைய நிலைக்குக் கட்டட அனுமதிப் பதிவுகளைத் தேட வேண்டும்.

இவை அரசின் பார்வையில் எடுத்தவை, அந்தப் பார்வை ஏழைகளிடம் கருணை காட்டியதில்லை என்பதே கனமான மறுப்பு. மன்ஹாட்டனின் மேற்கில், கறுப்பினத்தவரும் புவர்ட்டோ ரிக்கோவினரும் வாழ்ந்த சான் ஹுவான் ஹில் பகுதியைச் சேரி என்று அறிவித்து, லிங்கன் சென்டர் கலை வளாகம் உள்ளிட்ட திட்டத்துக்காக 1950களின் இறுதியில் இடிக்கத் தொடங்கினார்கள்; 7,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஆனால் இடித்த அரசேதான் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த வீடுகளை மனை மனையாகப் பதிந்தும் வைத்தது. சேரி என்ற ஒரு சொல்லில் அடக்கிய இடத்தில் உண்மையில் என்னென்ன நின்றன என்று அந்தத் தீர்ப்பை இன்று கேள்வி கேட்க அந்தப் பதிவே உதவுகிறது. எடுத்தவரின் நோக்கம் ஒரு சான்றின் பயனை முடிவுகட்டிவிடுவதில்லை. அதை எதற்கு எதிராக நிறுத்துகிறோம் என்பதும் சேர்ந்துதான் முடிவுகட்டுகிறது. குடியிருப்பின் வரலாற்றை எழுதுவோர் வரி அலுவலகத்தின் அலமாரியிலிருந்து தொடங்குவதே நியாயம்.