சைக்கிளுக்குத் தனிப்பாதை: கேட்டால் கிடைக்குமா? யாரிடம் கேட்பது?

தமிழ்நாட்டில் பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசே இலவச சைக்கிள் தருகிறது. ஆனா, அதை பயமில்லாம ஓட்ட பாதை இருக்கா? போடிநாயக்கனூர் போன்ற ஊர்களில் பஸ், லாரி, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் இவற்றுக்கு நடுவில்தான் பிள்ளைகள் சைக்கிள் மிதிக்கிறார்கள்.

நெதர்லாந்தில் என்ன நடந்தது?

சைக்கிள் நாடு என்று பெயரெடுத்த நெதர்லாந்திலும் ஒரு காலத்தில் கார்களின் ராஜ்ஜியம்தான். 1971-ல் மட்டும் அங்கு சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தனர். அதில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். கொதித்துப்போன பெற்றோர் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று தெருவில் இறங்கினர். 1973 எண்ணெய் நெருக்கடியும் கைகொடுத்தது. பல பத்தாண்டுகள் விடாமல் கேட்டதில்தான் இன்றைய பாதைகள் வந்தன.

சென்னையில்?

தன்னார்வ அமைப்புகளுடன் சேர்ந்து சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்து பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றது அந்தக் கொள்கை. 2019-ல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. ஆனால் நடைபாதை வந்த அளவுக்கு சைக்கிள் பாதை வரவில்லை. கொள்கை வந்துவிட்டது என்று சும்மா இருந்துவிட முடியாது, தொடர்ந்து கேட்கணும் என்பதற்கு இதுவே சாட்சி.

போடிக்காரர்களுக்கு இது புதுசா?

இல்லை. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற மதுரை - போடி ரயில், 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பியது. அதுவரை மனுவும் போராட்டமும் ஓயவில்லை.

யாரிடம் கேட்பது?

முதலில் சாலை யாருடையது என்று பாருங்க. போடி வழியாகச் செல்லும் கொச்சி - தனுஷ்கோடி சாலை தேசிய நெடுஞ்சாலை 85. ஊருக்குள் இருக்கும் தெருக்கள் நகராட்சி பொறுப்பு. குரங்கணி போன்ற மலைக்கிராம மக்கள் கிராம சபையில் தீர்மானம் கேட்கலாம். திங்கள்கிழமைகளில் தேனி கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

'ஊர் முழுக்க சைக்கிள் பாதை' என்று கேட்பதைவிட, பள்ளி இருக்கும் ஒரு சாலையில் வேகத்தடை, தனிப்பாதை என்று தொடங்குவது நல்லது. மனு ரசீதை பத்திரமா வைங்க. அடுத்த முறை கேட்கும்போது தேவைப்படும்.