அத்தை எழுதிய தங்கக் கணக்கு

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. தாத்தாவின் பட்டறைச் சாமான்கள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. ஊதுகுழல், இரண்டு குறடுகள், கம்பி இழுக்கும் அச்சு, விளிம்பு உடைந்த ஒரு மூசை, துணியில் சுற்றிய உரைகல். போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பெட்டியைக் கீழே இறக்கினோம். அடியில் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. தேதி, பெயர், விலாசம், வாங்கிய எடை, என்ன நகை, திருப்பிக் கொடுத்த எடை என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். நோட்டில் இருந்ததோ உருண்டை உருண்டையான பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எழுத்து.

"யாரு அத்தை எழுதுனது?" என்று கேட்டேன்.

"நான்தான்டா. எட்டாப்பு படிக்கையில" என்றார் அத்தை.

பதின்மூன்று வயதுப் பெண் எதற்காக அப்பாவின் தங்கக் கணக்கை எழுத வேண்டி வந்தது? அதைத் தேடிப் போனால் ஒரு யுத்தத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

1962 அக்டோபரில் சீனாவோடு போர் வந்தது. நாட்டின் கையில் அந்நியச் செலாவணி மிகக் குறைவு. தங்கத்தை இறக்குமதி செய்யச் சுதந்திரம் வந்த காலத்திலிருந்தே தடை இருந்தது. ஆனால் கல்யாணத்துக்குத் தங்கம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் 35 டாலர். அதே தங்கம் இந்தியாவில் இரண்டு மடங்குக்கும் மேல் விலை போனது. அந்த வித்தியாசம் இருக்கிறவரை தங்கம் படகேறி வரத்தான் செய்யும், அதற்கு ஈடாக இங்கிருந்து பணம் கள்ளத்தனமாக வெளியே போகத்தான் செய்யும். இதை நிறுத்த ஒரே வழி, மக்களுக்குத் தங்கத்தின் மேல் உள்ள ஆசையைக் குறைப்பது என்று அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் நினைத்தார்.

1963 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. இனிமேல் 14 காரட்டுக்கு மேல் தூய்மையான தங்கத்தில் நகை செய்யக் கூடாது. நகையாக இல்லாமல் கட்டியாக, காசாக வைத்திருக்கும் தங்கத்தைக் கணக்குக் காட்ட வேண்டும். நாடாளுமன்றத்தில் விவாதித்து நிறைவேற்றிய சட்டம் இல்லை இது. போர்க்கால அதிகாரத்தில் போட்ட விதி. தை பிறந்தால் கல்யாண வேலை குவியும் என்று காத்திருந்த பட்டறைகளுக்கு, தை பிறக்கும் முன்பே இது வந்து சேர்ந்தது.

காகிதத்தில் பார்த்தால் 22 என்ற எண் 14 ஆகிறது. பட்டறையில் அதன் அர்த்தம் வேறு. 22 காரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். 14 காரட் என்றால் 58.3 பங்குதான், மீதி செம்பும் வெள்ளியும். நம் பத்தர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகியது குழைந்து கொடுக்கும் உயர்மாற்றுத் தங்கத்தோடு. கல் பதிக்கும்போது விளிம்பை நகத்தால் தள்ளுவதுபோல் தள்ளிவிடலாம். கம்பியை மயிரிழையாக இழுக்கலாம். செம்பு ஏறிய தங்கம் முறுக்கிக்கொள்ளும், நிறம் சிவக்கும், நாளாக ஆகக் கறுக்கும். அதற்குப் பொடி வேறு, சூடு வேறு. கையின் பழக்கத்தை ஓர் இரவில் மாற்றச் சொன்னது அந்த விதி.

சரி, மாற்றிக்கொள்கிறோம் என்று வைத்தாலும் வாங்க ஆள் வேண்டுமே? நம் ஊரில் நகை என்பது கழுத்தில் தொங்கும் சேமிப்பு. மழை பொய்த்தால் அடகுக்குப் போகும், மகள் சமைந்தால் மீண்டு வரும். பாதி செம்பாக இருக்கும் நகையை யார் சேமிப்பாக நினைப்பார்கள்? ஜனங்கள் 14 காரட் நகை வாங்கவில்லை. பழைய நகையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். மதுரை தெற்காவணி மூல வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்த தாத்தாவின் பட்டறையில் உமி அடுப்பு அணைந்தது.

அந்த மாதங்களைப் பற்றி தாத்தா அதிகம் பேசியதில்லை. வெள்ளிக் கொலுசு வேலை கொஞ்சம் பார்த்தார். அவருடைய தம்பி மில் வேலைக்குப் போனவர், கடைசிவரை பட்டறைக்குத் திரும்பவில்லை. நாடு முழுவதும் லட்சக்கணக்கான பொற்கொல்லர்களுக்கு இதுதான் கதை. தற்கொலைச் செய்திகள் பத்திரிகைகளில் வந்தன, நாடாளுமன்றத்தில் பேசப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடன், பிள்ளைகளுக்குப் படிப்புச் சலுகை என்று அரசு அறிவித்தது. விரல்களின் வேலையை மட்டுமே படித்த நாற்பது வயதுக்காரருக்குக் கடன் கொடுத்து, வேறு தொழில் செய் என்றால் அவர் எந்தத் தொழிலைச் செய்வார்?

அந்த வருடக் கதைகளில் தாத்தா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். வைகாசியில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் சங்கிலி ஒன்றைத் துணியில் முடிந்து கொண்டுவந்தாராம். மகளுக்குக் கல்யாணம். தாலிக்குப் பொன்னுருக்க வேண்டும். அன்றைய விதிப்படி, வீட்டில் இருக்கும் பழைய நகையை உருக்கினாலும் புதிதாகச் செய்வது 14 காரட்டைத் தாண்டக் கூடாது. தாத்தா அந்தச் சங்கிலியை ராத்திரி உருக்கித் தாலி செய்து கொடுத்தார். "தாலியில செம்பக் கலக்கச் சொன்னா எப்படிய்யா கலக்குறது? குத்தம்னா குத்தம்தான். கை நடுங்குச்சு, ஆனா செஞ்சேன்" என்பார். வாழ்நாளில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாத மனுஷன். ஒரு விதி மாறியதால், அதுவரை புண்ணியம் என்று நினைத்துச் செய்த வேலையே அவருக்குக் குற்றமாகிவிட்டது.

1963 ஆகஸ்டில் காமராஜர் திட்டம் வந்தது. பதவி விலகிய மத்திய அமைச்சர்களில் மொரார்ஜியும் ஒருவர். நிதி, டி.டி.கிருஷ்ணமாச்சாரியிடம் போனது. அடுத்த மாதமே விதியில் ஒரு தளர்வு: வாடிக்கையாளர் தரும் பழைய நகையை அதே தரத்தில் மாற்றிச் செய்து கொடுக்கலாம். தாத்தாவின் வைகாசிக் குற்றம் புரட்டாசியில் குற்றமில்லை என்றானது. 14 காரட் வரம்பே 1966 கடைசியில் போய்விட்டது.

இதோடு முடிந்திருந்தால் ஒரு கெட்ட கனவு என்று விட்டிருக்கலாம். 1967இல் மொரார்ஜி மறுபடி நிதியமைச்சரானார். 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இந்த முறை மாற்றில் கை வைக்கவில்லை. காகிதத்தைக் கொண்டுவந்தார்கள்.

புதிய சட்டப்படி தனிமனிதர் யாரும் கட்டித் தங்கம் வைத்திருக்கக் கூடாது. நகை, தனி ஆளிடம் 2,000 கிராமுக்கும் குடும்பத்திடம் 4,000 கிராமுக்கும் மேல் இருந்தால் கணக்குக் கொடுக்க வேண்டும். வியாபாரிக்கு லைசென்ஸ். பத்தருக்குச் சான்றிதழ். பட்டறையில் எவ்வளவு தங்கம் இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு. வந்தது, போனது எல்லாவற்றுக்கும் ஜி.எஸ். என்று தொடங்கும் எண்ணிட்ட படிவங்கள். எப்போது வேண்டுமானாலும் அதிகாரி வந்து பார்க்கலாம். கணக்கில் இல்லாத தங்கம் பறிமுதல்.

அத்தையின் நோட்டு இங்கே தொடங்குகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பட்டறையில் உட்கார்ந்து அன்றைய கணக்கை எழுத வேண்டும். தாத்தா குன்றிமணி, பவுன் என்று சொல்வார், அத்தை கிராமாக மாற்றுவார். தாத்தாவின் தொழில் அதுவரை வாய்க்கணக்கில் நடந்தது. பத்து வருடம் வந்துபோகிற வாடிக்கையாளரிடம் விலாசம் கேட்டதில்லை. இப்போது கேட்டார். "என்ன பத்தரே, எங்க வீடு தெரியாதா?" என்று சிலர் கோபித்துக்கொண்டார்களாம்.

அத்தைக்குப் புரியாத இடம் ஒன்று இருந்தது. 16 கிராம் வாங்கினால் நகையும் மீதியும் சேர்ந்து 16 வராது. கொஞ்சம் அரத்தூளாகத் தரையில் விழும், கொஞ்சம் உமிச்சாம்பலில் போகும், கொஞ்சம் கைகழுவும் தண்ணீரில் சாக்கடைக்குப் போகும். பொற்கொல்லர் தெருவின் வாசல் மண்ணை அரித்துப் பிழைக்கிற ஆட்கள் அந்தக் காலத்தில் உண்டு. அந்தத் தூளை எந்தக் கட்டத்தில் எழுதுவது? "இன்ஸ்பெக்டர் ஒருத்தரு வருவாரு. தங்கமான மனுஷன். என் கையெழுத்து நல்லாருக்குன்னு சொல்லுவாரு. ஆனா அவரு வர்ற அன்னைக்கு எங்கப்பா சாப்பிட மாட்டாரு" என்றார் அத்தை. சில நாட்கள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வேண்டி வந்தது. பத்தாவதோடு படிப்பு நின்றதற்கு இதுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சட்டத்தை எதிர்த்து நகை வியாபாரிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஹரக்சந்த் ரத்தன்சந்த் பந்தியா வழக்கில் 1969 ஏப்ரலில் தீர்ப்பு. இப்படியொரு சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது நீதிமன்றம். ஆனால் சில பிரிவுகளைச் செல்லாது என்று ரத்து செய்தது. லைசென்ஸ் கொடுக்கச் சொன்ன அளவுகோல்கள் தெளிவற்றவை என்பது ஒன்று. தங்கம் கொண்டுவருபவர் யார் என்பதை உறுதி செய்யும் பொறுப்பை வியாபாரி, பத்தர் தலையில் கட்டியது இன்னொன்று. அரசு அதே வருடம் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. சட்டம் தொடர்ந்தது.

கடத்தல் நின்றதா? 10 கிராம் தங்கம் 1963இல் 100 ரூபாயை ஒட்டி இருந்தது. 1980இல் ஆயிரத்தைத் தாண்டியது. அறுபது எழுபதுகளின் தமிழ்ப்படத்தில் வில்லன் என்றாலே தங்க பிஸ்கட் பெட்டி ஞாபகத்துக்கு வருவது சும்மா இல்லை. தங்கக் கடத்தலோடு சேர்த்துப் பேசப்பட்ட பம்பாய் ஹாஜி மஸ்தான், ராமநாதபுரத்துப் பனைக்குளத்தில் பிறந்தவர். அவர் பெயர் ஓங்கியது இந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில்தான். கடலில் வருபவனுக்கு விலாசம் கிடையாது. பட்டறைக்கு விலாசம் உண்டு, கதவு உண்டு, நோட்டு உண்டு. சட்டம் எட்டிப் பிடிக்க முடிந்த ஆளைப் பிடித்தது.

இதில் யார் ஜெயித்தார்கள் என்று யோசித்தால், கணக்குப்பிள்ளை வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் என்று தோன்றுகிறது. லைசென்ஸ் உள்ள கடைக்குப் படிவம் நிரப்ப ஆள் இருந்தது. வக்கீல் இருந்தார். சந்துப் பட்டறைக்கு எட்டாம் வகுப்புப் பெண் இருந்தாள். எங்கள் சந்தில் வாடிக்கையாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக்குப் போனார்கள். பத்தர்களும் அவர்கள் பின்னால் போனார்கள், கூலிக்கு. தாத்தாவும் எழுபதுகளின் நடுவில் ஒரு கடைக்கு வேலை செய்யத் தொடங்கினார். தங்கம் கடையினுடையது, கணக்கு கடையினுடையது, கை மட்டும் இவருடையது. நோட்டு அந்த வருடத்தோடு நிற்கிறது.

1990 ஜூனில், மது தண்டவதே நிதியமைச்சராக இருந்தபோது, தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்தானது. செய்தியைச் சித்தப்பா பேப்பரில் படித்துக் காட்டினாராம். "அப்படியா" என்றுவிட்டு தாத்தா ஊதுகுழலை எடுத்துக்கொண்டாராம். அவ்வளவுதான். இருபத்தேழு வருடங்களில் வாடிக்கையாளர் இரண்டு தலைமுறை மாறிவிட்டார்கள். விதியை ஒரு நாளில் போடலாம், ஒரு நாளில் எடுக்கலாம். இடையில் பட்டறையை விட்டுப் போனவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்க எந்த அரசாணையாலும் முடியாது.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரைகல்லை வைத்து ஏமாற்றியவர்களும் எங்கள் தொழிலில் இருந்தார்கள். மாற்றுக் குறைந்த நகையை நம்பி வாங்கிய ஏழை, அடகுக் கடையில்தான் உண்மையைத் தெரிந்துகொள்வாள். 2021 ஜூன் 16இல் 256 மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமானபோது, வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் நியாயம் என்றே பட்டது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு விலக்கும் கொடுத்திருந்தார்கள். 1968இன் நினைவு எங்கோ மிச்சம் இருக்கிறது போலிருக்கிறது. ஆனால் முத்திரை உள்ள நகையைக் கேட்டுப் பழகிய வாடிக்கையாளர், விலக்குப் பெற்ற பட்டறையைத் தேடி வருவாரா? இந்தக் கேள்விக்கு விதிப் புத்தகத்தில் இடமில்லை. ஹால்மார்க் பட்டியலில் 14 காரட்டும் இருக்கிறது. இன்று வைரம் பதித்த 14 காரட் மோதிரத்தை ஆன்லைனில் ஆசையாக வாங்குகிறார்கள்; யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

நோட்டை அத்தையிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. உதட்டை அசைத்துக் கூட்டிப் பார்த்தார்.

"இங்க அரை கிராம் தப்பா கூட்டியிருக்கேன்டா" என்றார். பிறகு மெதுவாக, "நல்லவேளை, அவரு பாக்கல."