காருகுறிச்சிப் பானையும் எட்டு இஞ்ச் ஸ்பீக்கரும்

முன்குறிப்பு: கொசுவத்தி கொஞ்சம் சுத்தும். நடுவுல கணக்கும் வரும். பொறுத்துக்கிடுங்க மக்களே :-)

2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல தாமிரபரணி ஊருக்குள்ள வந்தது யாருக்கும் மறந்திருக்காது. வண்ணார்பேட்டையில எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. வடிஞ்ச பெறகு போய்ப் பாத்தா, அப்பாவோட வால்வு ரேடியோப் பெட்டி ஒட்டுப்பலகை ஏடு ஏடா உரிஞ்சு கெடக்கு. ஆனா அதோட ஸ்பீக்கர் தப்பிச்சிருச்சு. காரணம், அது ரேடியோவ விட்டு வெளிய வந்து வருஷம் நாப்பதாச்சு. பரண்ல பழைய பேப்பர் சுத்தி இருந்துச்சு.

நெல்லை வானொலி நிலையம் 1963-ல வந்தது. அடுத்த வருஷம் அப்பா அந்த ரேடியோவ வாங்கினார். அப்பல்லாம் ரேடியோ வச்சிருந்தா வருஷா வருஷம் தபாலாபீசுல லைசென்ஸ் கட்டணும். நெல்லையும் இலங்கை வானொலியும் மாறி மாறிப் பாடும். 80கள்ல வால்வு கெடைக்காம ரேடியோ படுத்துருச்சு. ஸ்பீக்கரக் கழட்டி டேப் ரெக்கார்டர்ல இணைச்சு, ஒரு காருகுறிச்சி மண்பானை வாய்மேல கவுத்தி வச்சார் அப்பா. நம்ம ஊர்ல டீக்கடையில இருந்து பேச்சிலர் ரூம் வரைக்கும் அப்ப அதுதான் ஃபேஷன். பானை ஒடைஞ்ச அன்னைக்கு ஸ்பீக்கர் பரணுக்குப் போச்சு.

வெள்ளத்துக்குப் பெறகு அப்பா பேசுறது கொறைஞ்சுருச்சு. வயசு எம்பத்திரெண்டு. காதும் மந்தம். ஒருநாள் பரண்ல இருந்து எறக்கின ஸ்பீக்கரப் பாத்துட்டு, "ஏல, இத மறுபடியும் பாட வச்சிருவியா?" அப்படின்னு கேட்டார். அஞ்சாறு மாசத்துல அவரா கேட்ட ஒரே விஷயம் அதுதான். அப்படி ஆரம்பிச்சதுதான் இந்த ஆராய்ச்சி.

ஒத்த ஆளு கச்சேரி

இன்னைக்கு நாம பாக்குற ஸ்பீக்கருக்கு உருவம் குடுத்தது 1925. அமெரிக்காவுல ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக்னு ரெண்டு பேர், காந்தத்துக்கு நடுவுல ஆடுற கம்பிச்சுருளோட ஒரு காகிதக் கூம்ப ஒட்டி நல்ல சத்தம் வர வச்சாங்க. அதுக்குப் பெறகு பல வருஷம் வீட்டு ரேடியோவுல ஒரே கூம்புதான் மிருதங்கத்துல இருந்து ஜால்ரா வரைக்கும் எல்லாத்தையும் சமாளிச்சது. இதத்தான் ஃபுல் ரேஞ்ச்னு சொல்லுதோம்.

ஒரு பெரிய கூம்பு வேகமா ஆட முடியாது. அதனால உசந்த சத்தத்துக்காக நடுவுல ஒரு சின்னக் கூம்ப ஒட்டினாங்க, இங்கிலாந்துல பால் வோய்ட் மாதிரி ஆட்கள். அதுக்கு விஸ்ஸர்னு பேர். 50கள், 60கள்ல பிலிப்ஸ் போட்ட 9710 வரிசை எட்டு இஞ்ச் ஸ்பீக்கர்கள் இந்த ரெட்டைக் கூம்பால பேர் வாங்கினதுதான். எங்க ஸ்பீக்கர் அவ்வளவு பெரிய எடத்துப் புள்ள இல்ல. ஆனா நடுவுல சின்னக் கூம்பு உண்டு.

இன்னொரு பக்கம், பேசும்படம் வந்த பெறகு சினிமாக் கொட்டகைக்கு ஒத்த ஸ்பீக்கர் பத்தல. கீழ்ச்சத்தத்துக்கு ஒண்ணு, மேல்சத்தத்துக்கு ஒண்ணுன்னு 30கள்லயே பிரிச்சுட்டாங்க. ட்வீட்டர் பொறந்த கதை அதுதான். வீட்டுக்கு அது மெதுவாத்தான் வந்துச்சு. மத்திய அலை ரேடியோவுல பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணும் தேறாது. வராத சத்தத்துக்கு எதுக்கு ட்வீட்டர்? கேசட்டும் எஃப்.எம்மும் வந்த பெறகுதான் அதுக்கு வேலை.

பானை செஞ்ச மாயம்

ஸ்பீக்கர் கூம்பு முன்னால தள்ளும்போது பின்னால இழுக்கும். பெட்டி இல்லாம வெறுமன வச்சா, பின்சத்தம் சுத்தி வந்து முன்சத்தத்த அடிச்சுரும். 100 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 3.4 மீட்டர். எட்டு இஞ்ச் வட்டத்தச் சுத்தி வர அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதனால வெறும் ஸ்பீக்கர் கொசு மாதிரிக் கத்தும். பானையில கவுத்தினா பின்சத்தம் உள்ளயே அடைபடும். கீழ்ச்சத்தம் திடீர்னு முளைக்கும்.

உருண்டை வடிவமும் சும்மா இல்ல. ஆர்.சி.ஏ.-வுல இருந்த ஹாரி ஓல்சன் 1951-ல ஒரே ஸ்பீக்கர பல வடிவப் பெட்டியில போட்டு அளந்தார். உருண்டையில சத்தம் ரொம்பச் சமமா வந்துச்சு. மோசமானதுல ஒண்ணு கனசதுரம். நம்ம டீக்கடைக்காரர் ஓல்சனப் படிச்சிருக்க மாட்டார், ஆனா கை சரியான எடத்துக்குத்தான் போயிருக்கு.

சரி, அப்ப மறுபடியும் பானையே வச்சா என்ன? அங்கதான் கணக்கு ஒதைக்குது. கம்ப்யூட்டர்ல ஒரு ரெசிஸ்டரும் இலவச மென்பொருளும் வச்சு ஸ்பீக்கர அளந்தேன். தானா அதிர்ற எடம் 60 ஹெர்ட்ஸ். அதோட துணியோரத்து இளக்கம் 60 லிட்டர் காத்துக்குச் சமம். கியூ அளவு 0.7. இந்தக் கணக்க ஒழுங்குபடுத்தினவர் ஆஸ்திரேலியாவுல நெவில் தீல், 1961-ல. பெறகு 70கள்ல ரிச்சர்ட் ஸ்மால் முழுசாக்கினார். எங்க ரேடியோ செஞ்ச காலத்து ஆசாரிக்கு இதெல்லாம் கையில இல்ல.

உள்விட்டம் 30 சென்டிமீட்டர் பானைன்னா சுமார் 14 லிட்டர். அதுல அடைச்சா 60 ஹெர்ட்ஸ் 138-க்கு ஏறிரும், கியூ 1.6 ஆயிரும். அதாவது 138 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு திமில். அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. நாம பேஸ்னு ரசிச்சது அந்த ஒத்தத் திமிலத்தான். எந்தப் பாட்டப் போட்டாலும் ஒரே 'தொம் தொம்'.

பெட்டி

மூணு வழி இருந்துச்சு. ஒண்ணு, பின்பக்கம் தொறந்த பெட்டி, அதாவது பழைய ரேடியோ மாதிரியே. சத்தம் காத்தோட்டமா இருக்கும், ஆனா பலகை அகலம் வேணும், சுவத்துல இருந்து தள்ளி வைக்கணும். எங்க வீட்டுக் கூடத்துக்கு ஆகாது. ரெண்டு, ஓட்டை போட்ட பாஸ் ரிஃப்ளெக்ஸ். பெல் லேப்ஸ் ஆல்பர்ட் துராஸ் 1932-ல காப்புரிமை வாங்கின பழைய யோசனை. ஆனா கியூ 0.4 பக்கம் உள்ள ஸ்பீக்கருக்குத்தான் அது சரிப்படும். 0.7-ஐ அதுல போட்டா பானையத் தோக்கடிக்கிற மாதிரி உறுமும். மூணு, மூடின பெட்டி, கொஞ்சம் பெருசா.

மூணாவதத்தான் எடுத்தேன். உள்ளளவு 60-க்கு 40-க்கு 25 சென்டிமீட்டர், சரியா 60 லிட்டர். அதிர்வு 85 ஹெர்ட்ஸ், கியூ 1. லேசா ஒரு சூடு மட்டும் மிச்சம். 18 மில்லி ப்ளைவுட்ல ஆசாரி ஒருத்தர் ரெண்டு நாள்ல அடிச்சுக் குடுத்தார். உள்ள இலவம் பஞ்சு அடைக்கச் சொன்னதும், "அண்ணாச்சி, இது தலையணையா ஸ்பீக்கரா?"ன்னு சிரிச்சார். ரெண்டுந்தான்னேன்.

ட்வீட்டர்

இங்க ரெண்டு விஷயம் பாக்கணும். முதல்ல சத்த பலம். பழைய காகிதக் கூம்புகள் லேசானவை, ஒரு வாட்டுக்கு 93, 94 டெசிபல் சாதாரணமா வரும். இன்னைக்கு வர்ற நிறைய துணி ட்வீட்டர்கள் 88, 90-தான். அஞ்சாறு டெசிபல் பின்தங்கினா பக்கத்துல வச்சும் கேக்காது. அதனால பழைய சரக்குல ஒரு காகிதக் கூம்பு ட்வீட்டர் தேடிப் புடிச்சேன். ரெண்டாவது, எங்க இருந்து சேக்குறது. 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால 3.3 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டா சுமார் 6,000 ஹெர்ட்ஸுல இருந்து சேரும், அதுக்குக் கீழ மெல்லத் தேயும். பெரிய ஸ்பீக்கர்ல கைய வைக்கவே இல்ல. காது ரொம்பக் கூர்மையா இருக்குற 2,000-ல இருந்து 5,000 வரைக்கும் ஒரே கூம்புதான் பாடணும். ஃபுல் ரேஞ்சோட அழகே அதுதான், அத வெட்டிட்டா அப்புறம் அந்தக் கிழவன எதுக்கு வச்சுக்கிடணும்?

பரீட்சை

பாட்டு எதுன்னு யோசிக்கவே வேண்டாம். 1962-ல வந்த 'கொஞ்சும் சலங்கை'யில எஸ்.ஜானகி குரலும் காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரமும் மல்லுக்கட்டுற அந்தப் பாட்டு. காருகுறிச்சியார் காலமானது 1964-ல, அப்பா ரேடியோ வாங்கின அதே வருஷம்.

ட்வீட்டரோட போட்டேன். எனக்கு மெய்சிலிர்த்துருச்சு. எட்டாங்கிளாஸ் படிக்கிற எம்பொண்ணு, "ட்வீட்டர அணைச்சா போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்குப்பா"ன்னா. அப்பாவப் பாத்தேன். அணைச்சேன், போட்டேன், அணைச்சேன். மொகத்துல ஒரு மாத்தமும் இல்ல.

அப்பத்தான் ஒறைச்சது. காது டாக்டர் எடுத்த வரைபடத்துல 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல அப்பாவோட கோடு கிணத்துக்குள்ள எறங்கியிருக்கும். நான் ஒரு மாசம் அலைஞ்சு புடிச்ச ட்வீட்டர் 6,000-ல ஆரம்பிக்குது. அது அவருக்கு இல்லவே இல்ல. அவருக்காகன்னு சொல்லிக்கிட்டு எனக்காகத்தான் செஞ்சிருக்கேன்.

பாட்டு முடிஞ்சதும், "நல்லாத்தான் இருக்கு. ஆனா பானையில இன்னும் கனமா இருந்துச்சுல்லா?"ன்னார்.

திமில்னு நான் கேலி பண்ணினது, அவரோட காதுக்கு மிச்சம் இருக்குற பக்கம். ஒண்ணும் சொல்லல. பெட்டிய நகட்டி மூலைச் சுவரோட ஒட்டி வச்சேன். மூலையில வச்சா ரெண்டு சுவரும் தரையும் சேந்து கீழ்ச்சத்தத்தத் தூக்கிக் குடுக்கும், ரேடியோ காலத்து வித்தை அது. ட்வீட்டருக்கு ஒரு சுவிட்ச் வச்சேன், பொண்ணுக்காக.

மறுபடியும் பாட்டு. நாதஸ்வரம் ஆரம்பிச்சதும் அப்பாவோட கை தொடையில தாளம் போட ஆரம்பிச்சது. நடுவுல நிறுத்திட்டு, "1964-ல இந்த ரேடியோவத் தூக்கிக்கிட்டு சுலோச்சனா முதலியார் பாலத்துல நடந்தே வந்தேன் தெரியுமால?"ன்னு ஆரம்பிச்சார். எனக்குத் தெரியாது. ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசினார்.