வழக்கமும் வழக்கும்

(அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவு, திட்டக்குடி)



கார்த்திகை வந்தால் நம் பகுதி வாசல்களில் அகல் விளக்கு ஏறுகிறது. பக்கத்திலிருக்கும் விருத்தாசலத்துச் சூளைகளில் வெந்து வந்த அகல்களும் அவற்றில் உண்டு. யார் மிதித்த மண், யார் வார்த்த அகல் என்று விளக்கேற்றுகிறவர் கேட்பதில்லை. அதே ஆள் தேநீர்க் கடைக்கு வந்ததும், யார் வாய் வைத்த குவளை என்று கேட்கிறார். ஏன் இப்படி என்று நாம் கேட்டால் ஒரே சொல்லில் பதில் வருகிறது: "வழக்கம்."

இந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். தமிழில் வழக்கம், வழக்கு என்ற இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள். வழக்கத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. வழக்கு கேள்வியில்தான் தொடங்குகிறது. தொன்றுதொட்டு வருவதாகச் சொல்லப்படும் வழக்கங்கள் பலவற்றுக்குப் பிறந்த தேதி இருக்கிறது, பெற்றவர்களும் ஆதாயம் அடைந்தவர்களும் இருக்கிறார்கள். யாரோ ஒருவர் அவற்றை வழக்காக்கிய பிறகுதான் அவை ஆட்டம் கண்டன. நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான். அதற்கான சான்றுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பண்டிதர் கேட்ட கேள்வி

1845இல் பிறந்து 1914 மே 5 அன்று மறைந்த அயோத்திதாசப் பண்டிதரை நாம் பௌத்த மீட்பாளராக, சித்த மருத்துவராக, இதழாளராக நினைவுகூர்கிறோம். அன்றாட வாழ்க்கையைக் கேள்வி கேட்ட முன்னோடி என்பதையும் அதோடு சேர்க்க வேண்டும். 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழின் பக்கங்களில் பண்டிகைகள், சடங்குகள், சாதிப் பெயர்கள், பழமொழிகள் எல்லாம் விசாரணைக்கு வந்தன. தீபாவளி நரகாசுரனைக் கொன்ற நாள் என்று ஊர் சொன்னபோது, எள்ளிலிருந்து நெய் எடுத்த பௌத்த மரபின் நாள் அது என்று அவர் எழுதினார். கார்த்திகை விளக்கை ஆமணக்கு நெய்யோடு சேர்த்து விளக்கினார்.

அவர் தந்த விடைகள் அனைத்தையும் இன்றைய ஆய்வு அப்படியே ஏற்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. சொற்பிறப்பு விளக்கங்கள் பலவற்றில் விவாதத்துக்கு இடமுண்டு. ஆனால், "இந்தக் கதையை யார் சொன்னது, எப்போதிருந்து சொல்கிறார்கள், நம்மைப் பற்றி அது என்ன சொல்கிறது?" என்று அவர் கேட்ட முறை நம் கையில் இருக்கும் கருவி.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், சிவன், விஷ்ணு கோயில்களில் நம் மக்களை ஏன் அனுமதிப்பதில்லை என்று அவர் கேட்டார். உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கிறார்களே என்று பதில் வந்தது. அப்படியானால் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியையும் தரிசு நிலத்தையும் கொடுங்கள் என்று அவர் கேட்டதை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. எந்தத் தெய்வம் யாருக்கு என்பது அந்த அவைக்கு வழக்கம். பண்டிதர் அதைப் பள்ளிக்கூடம், நிலம் என்ற வழக்காக மாற்றினார். 1898இல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கைக்குச் சென்று பஞ்சசீலம் பெற்று, சென்னை திரும்பி சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

பெயரும் தெருவும்

இழிவாக வழங்கிய ஒரு பெயரை என்ன செய்வது என்பதில் நம் முன்னோர் ஒரே கருத்தில் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். எதைச் சொல்லி இகழ்ந்தார்களோ அதையே தலைப்பாக்கி நிமிர்ந்து நின்றார். அயோத்திதாசரோ அந்தப் பெயரையே மறுத்து, நாம் பூர்வத் தமிழர், பூர்வ பௌத்தர் என்றார். வழிகள் வேறு என்றாலும் அது இயற்கையாக வந்த பெயர் என்பதை இருவருமே ஏற்கவில்லை. எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, 1922இல் அரசு ஆவணங்களில் 'ஆதி திராவிடர்' என்ற பெயர் இடம்பிடித்தது. எத்தனையோ தலைமுறை வழக்கம் ஓர் அரசாணையில் மாறியது.

தெருவும் அப்படித்தான். 1924இல் பொதுச் சாலை, கிணறு, சாவடி எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் அதே சட்டமன்றத்தில் நிறைவேற்ற வைத்தார். அதே ஆண்டில்தான் வைக்கம் போராட்டமும் தொடங்கியது. மூன்று ஆண்டு கழித்து 1927இல் மகாடு குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளினார். ஒரு தெருவில் நடக்கச் சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்டது என்பதை இன்றைய மாணவர்கள் நம்ப மறுக்கலாம். தீர்மானம் போட்ட பிறகும் செருப்பைக் கழற்றச் சொல்லும் தெருக்கள் இருந்தன என்பதை அவர்களின் பாட்டிகள் சொல்வார்கள்.

தேநீரைவிடப் பழைய வழக்கமா?

இப்போது தேநீர்க் கடைக்கு வருவோம். இரட்டைக் குவளைக்கு ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் நியாயம், "அந்தக் காலத்திலிருந்தே இப்படித்தான்" என்பது. எந்தக் காலத்திலிருந்து? தமிழ்நாட்டுக் கிராமத்துக்குத் தேநீர் வந்ததே இருபதாம் நூற்றாண்டில்தான். 1930களில் உலகப் பொருளாதார மந்தத்தில் விலை வீழ்ந்தபோது, தோட்ட முதலாளிகளின் அமைப்புகள் உள்நாட்டில் சந்தை தேடின. சந்தையிலும் திருவிழாவிலும் இலவசமாக ஊற்றிக் கொடுத்துத்தான் மக்களைத் தேநீருக்குப் பழக்கினார்கள். ஆகவே தேநீர்க் கடையின் தனிக் குவளைக்கு நூறு வயதுகூட ஆகியிருக்காது. மனுவின் நூலில் தேநீர்க் கடை இல்லை.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது, சாதி பழைய வழக்கங்களைக் காப்பாற்றுவதோடு நிற்பதில்லை என்பதுதான். ஒவ்வொரு புதிய பொருள் வரும்போதும் அது புதிய வழக்கம் ஒன்றைச் செய்துகொள்கிறது, செய்த மறுநாளே அதற்குத் 'தொன்றுதொட்டு' என்று பெயர் வைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இலங்கை, நீலகிரி, வால்பாறை மலைகளில் கொழுந்து பறித்த கைகளில் பெரும்பகுதி தமிழ் மாவட்டங்களிலிருந்து போன தலித் மக்களின் கைகள். கொழுந்து பறித்த கை தீட்டாகவில்லை, அதே தேநீரைக் குடிக்க வந்த வாய் மட்டும் தீட்டாகிவிட்டது.

அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் உணவு விடுதியின் பாத்திரங்களைப் பயன்படுத்தத் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகு குவளை உருமாறியது. ஒருவருக்குக் கண்ணாடிக் குவளையும் மற்றவருக்குத் தூக்கியெறியும் காகிதக் குவளையும் என்றானபோது, சுகாதாரம் என்ற புதுச் சொல் காவலுக்கு வந்து நின்றது. நம் திட்டக்குடி ஒரு தனித்தொகுதி. அந்தத் 'தனி' நாம் போராடிப் பெற்ற உரிமை. தனிக் குவளையின் 'தனி' நம்மீது சுமத்தப்பட்டது. இரண்டும் ஒரே ஊரில் இருக்க முடிகிறது என்றால், வாக்குச்சாவடி மாறிய அளவுக்குத் தேநீர்க் கடை மாறவில்லை என்றுதான் பொருள்.

திரையில் பிறந்த நாட்டாமை

வழக்கங்களைப் பரப்புவதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1992இல் 'சின்னக் கவுண்டர்', 'தேவர் மகன்', 1993இல் 'எஜமான்', 1994இல் 'நாட்டாமை'. மூன்றே ஆண்டுகளில் இத்தனை படங்கள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஆலமரத்தடி, ஒரே குரலில் தீர்ப்பு, கைகட்டி நிற்கும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் நிற்பவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று படம் சொல்வதில்லை.

ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1990-91இல் அம்பேத்கர் நூற்றாண்டு. சேரிகளில் அம்பேத்கர் படமும் கொடிக்கம்பமும் எழுந்த காலம் அது. ஊரில் ஆதிக்கம் கேள்விக்குள்ளான அதே வேளையில் திரையில் அதற்குப் பொற்காலம் பிறந்தது. திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால், அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு, நேரில் பார்க்காத நல்ல நாட்டாமை ஒருவர் நினைவில் நிலைத்துவிட்டார். நாங்களும் விசிலடித்துத்தான் பார்த்தோம். அதைச் சொல்ல வெட்கப்பட்டால் இந்த உரைக்கு அர்த்தமில்லை.

பிறகு 'அட்டகத்தி', 'மெட்ராஸ்', 'பரியேறும் பெருமாள்' என்று கேமரா இந்தப் பக்கம் திரும்பியது. 2021இல் வந்த 'ஜெய் பீம்' நம் மண்ணின் கதை. விருத்தாசலம் பகுதியின் முதனையைச் சேர்ந்த ராசாக்கண்ணு 1993இல் காவலில் கொல்லப்பட்டதும், அவர் மனைவி ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றம் போனதும் அதன் அடிப்படை. கைதி தப்பி ஓடிவிட்டான் என்றது காவல்துறை. அந்தக் கதை எடுபட்டதற்குக் காரணம், குறவர் என்றால் திருடர் என்ற நம்பிக்கை. அதற்கும் பிறந்த தேதி உண்டு. 1871இல் பிரிட்டிஷ் அரசு குற்றப்பரம்பரைச் சட்டம் இயற்றியது. 1952இல் சட்டம் ஒழிந்தது. நாற்பது ஆண்டு கழித்தும் ஒரு காவல் நிலையத்தில் அந்த நம்பிக்கை உயிரோடு இருந்தது. படத்தில் அவர் இருளராக மாறியதும், வெளியான பின் கொலையைப் பற்றி நடந்திருக்க வேண்டிய பேச்சைச் சுவரில் தொங்கிய நாட்காட்டி பிடித்துக்கொண்டதும் நம் கவனத்துக்கு உரியவை.

நம் வீட்டு வழக்கம்

இதுவரை அடுத்தவர் வாசலைப் பார்த்தோம். நம் வாசலையும் பார்க்க வேண்டும். நம் வட்டாரத்து எழுத்தாளர் இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' நாவலில் புதிரை வண்ணார் பெண்ணொருத்தியின் வாழ்க்கையை எழுதினார். நம் துணியை வெளுத்து, நம் வீட்டுச் சாவுக்கும் பிறப்புக்கும் உழைத்த குடும்பத்தை நாம் எப்படி நடத்தினோம் என்று அந்த நாவல் கேட்டது. தலித் ஒற்றுமையைக் கெடுக்கிறது என்று நம்மில் சிலர் கோபப்பட்டார்கள். கேள்வி நம்மை நோக்கி வந்தபோது நாமும் வழக்கம் என்ற சொல்லுக்குப் பின்னால்தான் ஒளிந்தோம்.

அருந்ததியர் வீட்டில் பெண்ணெடுப்பதற்கு நம்மில் எத்தனை பேர் தயார்? மஞ்சள் நீராட்டு விழா என்று பெண்பிள்ளையின் உடலை விளம்பரப் பதாகையில் ஊருக்கு அறிவிக்கும் வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? 'ஆண்ட பரம்பரை' என்ற வரியைப் பிறர் சட்டையில் பார்த்தால் சிரிக்கும் நாம், நம் இளைஞர்களின் பதாகையில் பார்த்தால் ஏன் பேசாமல் போகிறோம்? ஆண்டவர், அடங்கியவர் என்ற அளவுகோலையே உடைக்க வந்தவர்கள் அந்த அளவுகோலில் நமக்கொரு இடம் கேட்டு நிற்கக் கூடாது.

கண்ணகி தொடுத்த வழக்கு

கடைசியாக, நம் பகுதியில் யாரும் மறக்க முடியாத ஒன்று. 2003 மே 5 அன்று முருகேசனும் கண்ணகியும் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அவர் தலித், வேதிப் பொறியியல் படித்தவர். அவர் வன்னியர் வீட்டுப் பெண். இருவரும் புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்தவர்கள். ஜூலை 8 அன்று ஊரார் முன்னிலையில் இருவருக்கும் காதிலும் மூக்கிலும் நஞ்சை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். காவல்துறை முதலில் பதிந்த வழக்கில் தலித்துகளையும் குற்றவாளிகளாகச் சேர்த்தார்கள். முருகேசன் குடும்பம் விடவில்லை. வழக்கு மத்தியப் புலனாய்வுக்குப் போனது. 18 ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் சிறப்பு நீதிமன்றம் காவல் அதிகாரிகள் இருவர் உட்பட 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

இத்தகைய கொலைகளுக்குப் பத்திரிகைகள் 'கௌரவக் கொலை' என்று பெயர் வைத்திருந்தன. கொன்றவரின் மொழியிலேயே செய்தி எழுதப்பட்டது. அந்தப் பெயரை மறுத்து, 'ஆணவக் கொலை' என்று எழுதவும் பேசவும் வைத்தது நம் இயக்கங்கள்தான். ஒரு சொல்லை மாற்றினால் கொலை நின்றுவிடாது. ஆனால், குற்றவாளிக்குக் கிடைத்துவந்த மரியாதை நின்றது.

சிலப்பதிகாரத்துக் கண்ணகி அரசவையில் வழக்குரைத்தவள். அவளைக் கற்புக்கு அடையாளமாக்கிச் சிலை வைத்து, பெண்பிள்ளைகளுக்குப் பெயரும் வைக்கிறோம். அவள் கேள்வி கேட்டவள் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம். புதுக்கூரைப்பேட்டைக் கண்ணகிக்கு அவை ஏறி வழக்குரைக்க வாய்ப்பில்லை. துணையைத் தானே தேர்ந்ததுதான் ஊர் வழக்கத்தின் மீது அவள் தொடுத்த வழக்கு. அது புதுக்கூரைப்பேட்டையோடு முடியவில்லை. மணமக்களைப் பிரிக்கும் ஒவ்வொரு பஞ்சாயத்திலும், மகளின் கைப்பேசியைப் பிடுங்கும் ஒவ்வொரு வீட்டிலும் அது இன்னும் நிலுவையில் இருக்கிறது. அந்த வீடுகளில் நம் வீடும் ஒன்றா என்று திரும்பிப் போகும் வழியில் யோசிக்க வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்து முடிக்கிறோம். உங்கள் தெருவின் ஏதாவது ஒரு வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சடங்காக இருக்கலாம், சாவு வீட்டு வேலைப் பங்கீடாக இருக்கலாம், திருவிழாவில் சாமி எந்தத் தெருமுனையில் திரும்புகிறது என்பதாக இருக்கலாம். தெருவில் வயது முதிர்ந்த பெண்களிடம் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எப்போது தொடங்கியது? யார் தொடங்கினார்கள்? இது இல்லாவிட்டால் யாருக்கு நட்டம்? அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் நாங்கள் பேச வேண்டாம், அந்தக் குறிப்பேடுகளை வாசிப்போம்.

ஜெய் பீம்.